முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்

ஒற்றைத் தலைவலிக்காரர்களின் வீட்டாருக்கு,

இந்த மடலைத் தலைவலிக்காரர்களுக்கு நான் எழுதவில்லை. அவர்கள் படும் பாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. அவர்களுடைய கணவர்களுக்கும் மாமனார் மாமியாருக்கும், பெற்றோருக்கும், சம்பாதிக்கிற பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். எந்த நோய்க்கு எவ்வளவு செலவழிக்கலாம், எது வைத்தியம், எது வீண் என்று வீட்டில் முடிவெடுப்பவர்கள் நீங்கள். வலி ஒருவருக்கு, முடிவு இன்னொருவருக்கு என்று இருக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இப்போது ஊசி வைத்தியம் இருக்கிறது. நானும் போட்டுக்கொள்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது என்னைப் போன்றவர்களோடு பேசுவேன். கைபேசி எண்ணும் வாங்கிக்கொள்வோம். அடுத்த தவணைக்கு நான் போகும்போது அவர்களில் பலரைக் காணோம். போன் செய்து கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது: “ஒரு தடவை போட்டும் குறையலையேன்னு வீட்ல வேண்டாம்னுட்டாங்க அக்கா.” இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எங்களிடம் வழக்கமாகச் சொல்வதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். “காலையில நல்லாத்தானே இருந்தே?” “தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட நின்னிருப்பே, நீர் கோத்துக்கிச்சு.” “சைனஸா இருக்கும்.” “கண்ணாடியை மாத்திப் பாரு.” “எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் உனக்குத் தலைவலி வந்துடும்.” கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டதும் நீங்கள்தான், நடுராத்திரியில் மெடிக்கல் ஷாப் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியதும் நீங்கள்தான். அந்தப் பிரியத்தை நம்பித்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன்.

‘வெறும் தலைவலிதானே’ என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலிக்கே உரிய குணங்களோடு, இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. ஒரு தாக்குதல் 4 மணி நேரத்தில் முடியலாம், 72 மணி நேரமும் நீடிக்கலாம். நீங்கள் தாளிக்கும் கடுகும் பெருங்காயமும், சாமி படத்துக்கு முன் ஏற்றிய ஊதுபத்தியும், ஆசையாக வாங்கி வந்த மல்லிகையும் அந்த நேரத்தில் குமட்டலைத்தான் கொண்டுவரும். குக்கர் விசில் மண்டைக்குள் இறங்கும். சிலருக்குச் சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிக்கும். உங்கள் மகளோ மருமகளோ ஜடை போடாமல் கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு திரிகிறாள் என்றால் சோம்பலோ அக்கறையின்மையோ என்று முடிவு கட்டாதீர்கள். வலி விட்ட மறுநாளும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். அப்போது நீங்கள் பார்ப்பது ‘தலைவலி சரியாகியும் எழுந்திருக்காத’ ஒருத்தியை.

நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் நடத்திய ஆய்வு ஒன்று, ஓர் ஆண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர் என்று கணக்கிட்டது. அவர்களில் எல்லாருக்கும் நாள்பட்ட நிலை வருவதில்லை, ஒரு சிறு பங்கினருக்குத்தான் வருகிறது. ஆனாலும் நூற்றுக்கு 25 என்ற அந்தக் கணக்கின்படி, உங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது இந்த நோய் இருக்கும். ஆண்களுக்கும் வருகிறது, பெண்களுக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வருகிறது. அதனால்தான் இதை மனசு சம்பந்தப்பட்டது, பிடிவாதம் சம்பந்தப்பட்டது என்று தள்ளிவிடுவது இவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு அதிகம் வருகிற நோயாக இருந்தால் எந்த வீட்டிலும் இதைப் பாசாங்கு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது பாசாங்கு இல்லை என்பதை ரத்தத்திலேயே பார்த்துவிட்டார்கள். பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் என்ற இருவர், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் சிஜிஆர்பி என்ற புரதம் அதில் ஏறியிருந்தது. 1990இல் வெளியான செய்தி இது. இந்தத் துறையில் உழைத்ததற்காக 2021ஆம் ஆண்டின் மூளை ஆய்வுப் பரிசை அந்த இருவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் டென்மார்க்கில் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்திருப்பவரின் கழுத்து நாளத்து ரத்தத்தைச் சோதித்தாலும் இதே கதை தெரியவரலாம். ‘மனசுல எதையோ வச்சுக்கிட்டு’ என்று இனி தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்து மாத்திரை. ஊசி என்றதும் “அதெல்லாம் எதுக்கு, மாத்திரைதான் இருக்கே” என்கிறீர்கள். வலி வந்ததும் போட்டுக்கொள்ளும் மாத்திரையே ஓர் அளவைத் தாண்டினால் தலைவலியை உண்டாக்கும். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், எர்கோட்டமைன் கலந்த கூட்டு மாத்திரையோ டிரிப்டான் வகையோ 10 நாள் என்ற கணக்கில் மாதக்கணக்காக ஓடினால், வலி மருந்தாலேயே வருகிற தலைவலி மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சீட்டில்லாமல் பத்துப் பத்தாக அட்டை வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பது உதவி ஆகாது. பத்து ரூபாயில் முடிகிறது என்பதற்காக அந்த வழியிலேயே அவரை அனுப்பிக்கொண்டிருந்தால், இருந்த நோயோடு இன்னொன்றும் சேர்ந்து வளரும்.

வராமல் தடுக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோப்பிரமேட், ஃப்ளூனரிசின் என்று மருத்துவர்கள் வரிசையாக முயல்வார்கள். நிறையப் பேருக்கு அவையே போதும். ஆனால் ஒன்று தூங்க வைக்கும், ஒன்று எடையைக் கூட்டும், ஒன்று சொல்லவந்த வார்த்தையையே மறக்கடிக்கும். வகுப்பில் நின்று பாடம் நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசி விளைவு எவ்வளவு பயமாக இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. இவை ஒத்துவராதபோது, அல்லது பலன் தராதபோது, மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேசுகிறார். ஆக, ஊசிவரை வந்தவர் வழியில் எத்தனையோ மருந்துகளைப் பொறுமையாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நேற்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஓடிவந்தவர் இல்லை.

ஊசி என்றால் என்ன ஊசி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பேரைக் கேட்டுத்தான் பல வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். போடாக்ஸ். சினிமாக்காரர்கள் சுருக்கம் தெரியாமலிருக்கப் போட்டுக்கொள்வார்களே, அதே மருந்து. முகத்துக்குப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் சிலர் “தலைவலியும் குறைஞ்சிருக்கு டாக்டர்” என்று சொன்னதை அமெரிக்காவில் ஒரு மருத்துவர் 1990களில் கவனித்ததிலிருந்துதான் இந்தப் பயன் துலங்கியது. பெரிய சோதனைகள் நடந்து, 2010இல் பிரிட்டனும் அமெரிக்காவும் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இதை அனுமதித்தன. நரம்பு முனையிலிருந்து வலியைக் கடத்தும் பொருள்கள் வெளியே வருவதை இது தடுக்கிறது. நான் மேலே சொன்ன அந்த சிஜிஆர்பி புரதமும் அதில் சேர்த்தி. “இந்த வயசுல அழகு ஊசி கேக்குதா?” என்று ஒரு மாமியார் கேட்டதாக ஒரு தங்கை என்னிடம் சொல்லி அழுதாள். அம்மா, அந்த வார்த்தை 31 குத்துகளைவிட அதிகமாக வலித்திருக்கிறது.

ஆமாம், 31 இடங்களில் குத்துவார்கள். ஒவ்வோர் இடத்திலும் 5 யூனிட், மொத்தம் 155 யூனிட். புருவ மத்தியில் தொடங்கி நெற்றி, இரு பக்கப் பொட்டு, பின்மண்டை, பிடரி, தோள்பட்டை வரை. எனக்குப் போடும் மருத்துவர் முதலில் “புருவத்தைச் சுருக்குங்க” என்பார், பிறகு “பல்லை நல்லாக் கடிங்க” என்பார். தசை எங்கே எழும்புகிறது என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் ஊசியை இறக்குவார். சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்வதைப் போன்ற மெல்லிய ஊசிதான். நெற்றியில்தான் எரிச்சல் அதிகம், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பொட்டுக்கு மேலே குத்தும்போது தோலுக்குள் ஏதோ நறநறவென்று கேட்கிற மாதிரி இருக்கும். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, நெற்றியில் கொசு கடித்தாற்போல வரிசையாகத் தடிப்புகளோடு எழுந்து வரலாம். அன்றைக்கு அந்த இடங்களைத் தேய்க்காமல் இருந்தால் போதும். எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிடுகிறேன் என்று நீங்களும் பிரியமாகக் கிளம்பிவிடாதீர்கள்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கழுத்து வலி வரலாம், தலையைத் தூக்கிப் பிடிப்பதே சில நாள் சிரமமாக இருக்கலாம். சிலருக்கு ஒரு பக்க இமை சற்று இறங்கும், வாரக்கணக்கில் ஆகிச் சரியாகிவிடும். இமை இறங்கினவரைப் பார்த்து “காசைக் கொடுத்து முகத்தைக் கெடுத்துக்கிட்டா” என்று உறவுக்காரர்கள் பேசும்போது, அவருக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தசைபலவீன நோய் உள்ளவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலைவலி என்று வருகிற எல்லாருக்குமான ஊசியும் இல்லை இது. மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் வலி வருபவர்களுக்கு இதனால் பலன் நிரூபிக்கப்படவில்லை. நரம்பியல் மருத்துவர் பார்த்து, இது நாள்பட்ட ஒற்றைத் தலைவலிதான் என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

இனி, உங்களுக்கும் எங்களுக்கும் தகராறு வருகிற இடத்துக்கு வருகிறேன். ஊசி போட்ட அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளே, தலைவலி போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். காய்ச்சலுக்குப் போட்டால் இறங்குகிறதே, இதுக்கு மட்டும் என்ன என்று கேட்கிறீர்கள். இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். 12 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், பலருக்குக் கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தேய்ந்து வலி மறுபடி எட்டிப்பார்க்கும். அது ஊசி தோற்றதன் அடையாளம் ஆகாது, அடுத்த தவணை நெருங்குகிறது என்பதுதான் செய்தி.

கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அனுமதிக்கு அடிப்படையான இரண்டு சோதனைகளில் 1,384 பேர் இருந்தார்கள். 28 நாளில் ஏறக்குறைய 20 நாள் தலைவலியோடு வந்தவர்கள். ஆறு மாதம் கழித்து, மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 8.4 நாள் குறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் 6.6 நாள் குறைந்திருந்தது. வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சராசரி என்பது நிறையக் குணமானவரையும் சற்றும் குணமாகாதவரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டில் இருப்பவர் அதில் எந்தப் பக்கம் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் ஒரு சுற்றில் தெரியாது. அதே சோதனைகளில் மருந்து போட்டவர்களைச் சுற்று சுற்றாகப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 49 பேருக்கு முதல் சுற்றிலேயே தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. இன்னொரு 11 பேருக்கு இரண்டாம் சுற்றில்தான் அந்த அளவுக்குக் குறைந்தது. வேறு 10 பேருக்கு மூன்றாவதில். முதல் ஊசியோடு வீட்டுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு போனால், அந்த 11 பேரும் 10 பேரும் தங்களுக்கு இது கேட்காது என்று எண்ணியபடியே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவார்கள். வராந்தாவில் நான் பார்த்து, பிறகு காணாமல் போனவர்களில் அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

செலவை மறைக்கவில்லை. ஒரு சுற்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, அதில் மருந்தின் விலைதான் பெரும்பங்கு. வருஷத்துக்கு நாலு சுற்று என்றால் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். காப்பீடு இருக்கிறதே என்று நானும் விண்ணப்பித்துப் பார்த்தேன். மருத்துவமனையில் தங்காமல் போட்டுக்கொண்ட சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்றார்கள். மருந்தின் பேரைப் பார்த்துவிட்டு அழகு சிகிச்சைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நரம்பியல் மருத்துவரின் கடிதத்தில் நோயின் பேர் தெளிவாக இருந்தும் இந்த நிலை. உங்கள் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவு சேர்த்தியா, பகல்நேர சிகிச்சையில் இது வருமா என்று ஊசி போடுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வலியோடு இருப்பவரை இந்த அலைச்சலுக்கு அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள்.

ஊசி என்றால் போடாக்ஸ் மட்டும்தான் என்றும் இல்லை. பின்மண்டை நரம்பைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துகிற முறை ஒன்று உண்டு, செலவு மிகக் குறைவு. சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி தரும். அந்த சிஜிஆர்பி புரதத்தையோ அதன் ஏற்பியையோ நேராகக் குறிவைத்துத் தடுக்கும் ஊசிகள் 2018லிருந்து வரத் தொடங்கின. அவற்றில் முதலாவதான எரெனுமாப் மாதம் ஒருமுறை தொடையிலோ வயிற்றிலோ தாமே போட்டுக்கொள்ளக்கூடியது, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மலச்சிக்கல் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் கவனிக்க வேண்டும், விலையும் எளிதில் எட்டாது. ஆனாலும் தலைவலித் தடுப்புக்கென்றே முதன்முதலாக உருவாக்கிய மருந்து வகை அதுதான். மற்ற மாத்திரைகள் தோற்றிருக்க வேண்டும் என்று காத்திராமல் இவ்வகையை முதல் தேர்வுகளில் ஒன்றாகவே வைக்கலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இல் அறிவித்தது. எதை எடுப்பது என்பதை மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் கூட உட்கார்ந்து கேளுங்கள், கேள்வி கேளுங்கள். அவர் சார்பில் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு நியாயமான அளவுகோல் இருக்கிறது. இரண்டு சுற்று போட்டும் தலைவலி நாட்கள் நூற்றுக்கு 30 பங்குகூடக் குறையாவிட்டால் போடாக்ஸை நிறுத்திவிடலாம் என்பது பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு நெறி. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, காரணம் இதில் யாருடைய கோபத்துக்கும் சலிப்புக்கும் இடமில்லை. நாட்களை எண்ணினால் தெரிந்துவிடும்.

எண்ணுவதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். பால் கணக்கும் கேஸ் பதிவு செய்த தேதியும் குறிக்கிற மாதக் காலண்டர் சமையலறையில் தொங்குகிறதே, அதுவே போதும். தலைவலி இருந்த நாளுக்கு ஒரு கோடு, வேலையே ஓடாமல் படுத்த நாளுக்குப் பெருக்கல் குறி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. வலியில் இருப்பவர் குறிக்க மறந்துவிடுவார், அதனால் நீங்கள் குறியுங்கள். ஊசிக்கு முந்தைய மாதத்திலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும். நன்றாக இருக்கும் நாளை நாங்களே கவனிப்பதில்லை, அன்றைக்குச் சேர்ந்துபோன வேலையைச் செய்வதிலேயே பொழுது போய்விடும். ஆகவே குறி எதுவும் விழாத கட்டங்களை எண்ணி அவருக்குச் சொல்லுங்கள். “போன மாசம் ஏழு, இந்த மாசம் பதினொண்ணு” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், மருத்துவரின் கையிலும் அது நல்ல கணக்காக இருக்கும், எங்களுக்கும் தெம்பாக இருக்கும்.

இந்த எண்ணிக்கை நடக்கிற ஆறு மாதமும் ‘போட்டும் பிரயோஜனமில்லை’ என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் வலி வந்தாலும், ஏழாம் நாள் வந்தாலும் சொல்லக்கூடாது. இது நான் கேட்கிற முதல் விஷயம்.

இரண்டாவது, மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். தலைவலிக்காரர் தனியாகப் பஸ் ஏறி, வெயிலில் போய், டோக்கன் வாங்கி, 31 குத்தும் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். அன்றைக்கு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். முதல் ஊசி போட்டாயிற்று, பலன் சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் உங்கள் வீட்டில் இப்போது இருந்தால், அவருடைய சீட்டை எடுத்துப் பாருங்கள். போட்ட தேதியிலிருந்து 12 வாரத்தைக் கூட்டி, அந்த நாளைக் காலண்டரில் உங்கள் கையால் வட்டமிடுங்கள். பணம் புரட்ட வேண்டுமானால் இப்போதே தொடங்குங்கள், அதைப் பற்றி அவரிடம் புலம்பாமல் செய்யுங்கள். அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டிப்போயிருந்தாலும் பரவாயில்லை, மருத்துவமனைக்குப் போன் செய்து இரண்டாம் ஊசிக்கு வேறொரு நாள் கேளுங்கள். வரிசையில் அவரை நான் மறுபடி பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை